தோட்டாவும் பஞ்சும்

தோட்டா என்னும் சொல்லை நான் முதன்முதலாகக் கேட்டது துப்பாக்கி சம்பந்தமாக அன்று. காங்கேயத்துக்குத் தெற்கே எங்கள் அப்புச்சியின் தோட்டத்தில் கிணறு ஆழப்படுத்திய ஒரு கோடையில். பாறையில் உளியும் சம்மட்டியும் கொண்டு தமர் அடித்து, அந்தத் துளையில் தோட்டாவை இறக்கி, திரியைப் பற்றவைத்துவிட்டு, “வேட்டு! வேட்டு!” என்று நாற்றிசையும் கேட்கக் கூவிக்கொண்டே வெட்டுக்காரர் மேலேறி ஓடிவருவார், வேப்பமரத்தடியில் காதைப் பொத்திக்கொண்டு நிற்கும் எங்கள் காலடியில் பூமி ஒருமுறை விம்மி அடங்கும், புகையும் கல்தூளும் தணிந்தபின் எட்டிப் பார்த்தால், சில நாட்களில், பிளந்த பாறையின் கீறலில் நீர் கசிந்திருக்கும். “ஏனுங்க அப்புச்சி, அந்தக் குச்சிக்குள்ள என்னங்க இருக்குது?” என்று நான் கேட்டபோது, “மருந்து கண்ணு, கிட்டப் போகக் கூடாது” என்றார் அவர். நோய் தீர்ப்பதையும் பாறை பிளப்பதையும் ஒரே சொல்லால் வழங்கும் நம் பாஷையின் வழக்கம் அன்று எனக்கு விளங்கவில்லை. ஜுரத்துக்குக் கொடுக்கும் மருந்தைப் பாறைக்கும் கொடுக்கிறார்கள் போலும் என்றே எண்ணிக்கொண்டேன்.

அந்த மருந்தின் கூட்டுப் பொருள்களில் பஞ்சும் ஒன்று என்பதை நான் அறிந்தது, பனியன் தொழிலில் என் தலை நரைக்கத் தொடங்கிய பிறகே. 1846-ல் ஸ்விட்சர்லாந்து தேசத்துப் பாசல் நகரில் ஷோன்பைன் என்னும் ரசாயனப் பேராசிரியர், நைட்ரிக் அமிலமும் கந்தக அமிலமும் மேஜைமேல் சிந்திவிட, அதைத் தம் மனைவியின் பருத்தித் துணியால் துடைத்து அடுப்பருகே உலரப் போட்டதாகவும், அத்துணி ஒரு நொடியில் புகையின்றி, சாம்பலுமின்றி, மறைந்ததாகவும் ஒரு கதை வழங்குகிறது. கதை எப்படியாயினும், அமிலத்தில் தோய்ந்த பஞ்சு வெடிபஞ்சாகிறது என்னும் உண்மையைக் கண்டவர் அவர். இதில் விசித்திரம் யாதெனில், தோய்த்து, கழுவி, உலர்த்திய அந்தப் பஞ்சு கண்ணுக்குப் பழைய பஞ்சாகவே தோற்றமளிக்கும். விரல்களுக்கிடையே வைத்துத் தேய்த்தால் சற்றே சொரசொரப்பு, அவ்வளவுதான். துணியைத் தொட்ட மாத்திரத்தில் அதன் ஜிஎஸ்எம் கனத்தைச் சொல்லிவிடும் எங்கள் ஊர்க் கட்டிங் மாஸ்டருக்குக்கூட அந்த வித்தியாசத்தைக் காண ஒரு கணம் நிதானம் வேண்டியிருக்கும். அந்த வெடிபஞ்சின் ஒரு வகையை நைட்ரோகிளிசரினில் கரைத்து 1875-ல் நோபல் செய்த பசையின் வம்சமே எங்கள் கிணற்றைப் பிளந்த தோட்டா.

அதே இரண்டு பொருள்களையும் வேறு விகிதத்தில் சேர்த்து, ஏபெல், டிவார் என்ற இரு விஞ்ஞானிகள் 1889-ல் பிரிட்டிஷ் அரசாங்கத்துக்காகச் செய்து கொடுத்ததுதான் கார்டைட். நூற்றுக்கு 58 பங்கு நைட்ரோகிளிசரின், 37 பங்கு வெடிபஞ்சு, 5 பங்கு வாஸலீன் என்பது அதன் ஆதி விகிதம். இவற்றை அசிடோன் விட்டு மாவாகப் பிசைந்து, துளையிட்ட அச்சில் இட்டு அழுத்தி இழை இழையாகப் பிழிவார்கள். கொங்கு நாட்டு வீடுகளில் சந்தகை பிழியும் காட்சியைக் கண்டவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை. இழையாக வருவதனாலேயே கயிற்றைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லிலிருந்து அதற்குப் பெயர் வந்தது. பஞ்சு, எங்கே போனாலும், நூலாகவே வெளிப்பட விரும்புகிறது போலும்.

அந்த இழைகளை நிரப்பிக்கொண்டு புகழ்பெற்ற கைத்துப்பாக்கித் தோட்டாக்களுள் முதன்மையானது .455 வெப்ளி. 1891-ல் கரிமருந்தோடு பிறந்து, 1894-ல் கார்டைட்டுக்கு மாறியது அது. கார்டைட்டுக்கு இடம் அதிகம் தேவைப்படாததனால், 1897-ல் வந்த இரண்டாம் வகையில் பித்தளைக் கூட்டின் நீளத்தையே குறைத்துவிட்டார்கள். கூட்டின் அடியில் ஒரு மெல்லிய விளிம்பு. அந்த விளிம்புதான் ஆறு அறைகளுள்ள உருளையில் தோட்டா முன்னால் நழுவிவிடாமல் பற்றி நிறுத்துவது. துப்பாக்கியை நடுவில் மடித்துத் திறக்கும்போது நட்சத்திர வடிவான ஒரு தகடு எழுந்து, சுட்டுத் தீர்ந்த ஆறு கூடுகளையும் ஒருசேர வெளியே தள்ள உதவுவதும் அதுவே. ஈயக் குண்டின் எடை 265 கிரெயின், அதாவது ஏறக்குறைய 17 கிராம். வேகம் விநாடிக்கு 600 அடி அளவே. அக்காலத்து ரைஃபிள் குண்டு அதைப்போல் மூன்று பங்குக்கு மேல் விரையும். மெதுவாக, கனமாக, அருகிலிருப்பவனை நோக்கிச் செல்வது இதன் சுபாவம். இந்தத் தேசத்தை ஆண்ட ராணுவ அதிகாரிகளின் இடுப்பில் தொங்கியது இதுதான்.

இதற்கான கார்டைட் பிழியும் ஆலை நமக்குத் தூரத்தில் இல்லை. குன்னூருக்கு மேலே, நீலகிரி மலைரயில் நின்று போகும் அரவங்காட்டில், 1903-4-ல் நிறுவப்பட்டது அது, இன்றும் இயங்குகிறது. அரவம் என்றால் பாம்பு. அரவம் என்றால் ஓசை. இரண்டு அர்த்தமும் அந்த ஊருக்குப் பொருந்திவிட்டது. என் தாய்வழி உறவினர் ஒருவர் அங்கே வேலை பார்த்து ஓய்வு பெற்றார். தீப்பெட்டி கொண்டுபோகக் கூடாது, ஆணி அடித்த செருப்பு அணியக் கூடாது என்னும் நியதிகள் அவர் உடம்பில் எவ்வளவு ஊறியிருந்தன என்றால், வீட்டுக்குள் நடக்கும்போதும் அவர் பாதம் தரையில் ஓசைப்பட விழாது. வாசலில் கோலமிடும்போது எறும்புக்கென்று அரிசி மாவையே தூவச் சொல்லுவார். சுண்ணாம்புப் பொடி கலந்தால் கோபம் வரும். அவரைவிடச் சாதுவான மனிதரை நான் கண்டதில்லை. அவர் கை பட்ட இழைகள் எங்கெங்கே போய் யாரை வீழ்த்தின என்பதை அவர் ஒருபோதும் அறியவில்லை. அறியவேண்டியவர் என்று யாரும் அவரிடம் சொல்லவுமில்லை.

ஒருநாள் நான் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். .455 தோட்டா ஒன்றில் அடங்கும் கார்டைட் அரை கிராமுக்கும் குறைவு. அதில் வெடிபஞ்சின் பங்கையும், அமிலத்தில் தோயும்போது பஞ்சின் எடை கூடுவதையும் கழித்துப் பார்த்தால், செடியிலிருந்து வந்த மெய்யான பஞ்சு ஏறத்தாழ ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு. எங்கள் கட்டிங் டேபிளில், பனியனின் கழுத்தை வளைத்து வெட்டும்போது கீழே விழும் பிறைத்துண்டில் அதைப்போல் பல மடங்கு இருக்கிறது. நூறு கிராம் எடையுள்ள ஒரு பனியனின் பஞ்சு, வழி மாறிப் போயிருந்தால், ஆயிரம் தோட்டாவுக்குக் காணும். இது மிகைப்படுத்திச் சொன்ன வார்த்தையன்று. வெடிபஞ்சுக்காக மேல்நாட்டு மருந்தாலைகள் வாங்கியதே நூற்பாலைகளின் கழிவுப் பஞ்சைத்தான்.

இந்தக் கணக்கு என் மனத்தில் இறங்கிய பிறகு ஆயுத பூஜை எனக்குப் பழைய ஆயுத பூஜையாக இல்லை. அன்று எங்கள் பனியன் கம்பெனிகளில் கத்தரிக்கும், ஓவர்லாக் மெஷினுக்கும், நூல்கோன் அடுக்கிய சட்டத்துக்கும் சந்தனமும் குங்குமமும் இட்டு, பொரியும் கடலையும் படைத்து வணங்குகிறோம்; அதே வேளையில் காவல் நிலையங்களில் துப்பாக்கிகளுக்கும் அதே சந்தனம், அதே குங்குமம். ஆயுதம் என்ற ஒரே பதத்தில் நம் முன்னோர்கள் கருவியையும் கொலைக்கருவியையும் அடக்கினார்கள். அப்படியானால் வஸ்துவில் தோஷமில்லை, பிரயோகத்தில்தான் தோஷம் என்பதா அதன் தாத்பரியம்? பஞ்சு நிரபராதி, ஈயம் நிரபராதி, பித்தளை நிரபராதி, அரவங்காட்டு உறவினரும் நிரபராதி, கடைசியில் விசையை இழுக்கும் ஒரு விரல் மட்டுமே குற்றவாளி என்று முடித்துவிடலாமா?

நம் தேசத்தில் தோட்டா ஒரு சமயப் பிரச்சினையாக எழுந்த சந்தர்ப்பம் ஒன்று உண்டு. 1857 ஜனவரியில், கல்கத்தாவுக்கு அருகே டம்டம் என்னும் ஊரில், ஆயுதச்சாலைத் தொழிலாளி ஒருவன் தாகத்துக்கு நீர் கேட்க, சாதியைக் காரணம் காட்டிச் சிப்பாய் மறுக்க, “பசுவின் கொழுப்பும் பன்றியின் கொழுப்பும் தடவிய தோட்டாவைப் பல்லால் கடிக்கப் போகிறீர், அப்போது உம் சாதி எங்கே இருக்கும்?” என்ற பொருள்படத் தொழிலாளி கேட்டுவிட்டதாகச் சரித்திரம் சொல்லுகிறது. அதன் பிறகு நடந்தவை யாவரும் அறிந்தவை. அந்தச் சிப்பாய்களின் துயரத்தை நான் குறைத்து மதிக்கவில்லை. நம்பிக்கையை மிதிக்கும் அரசு எந்த அரசானாலும் கொடிய அரசே. ஆயினும் ஒன்று என்னை வருத்துகிறது. அத்தோட்டாவைக் கடிக்கும் உதட்டின் தூய்மையைப் பற்றி ஆயிரமாயிரம் பேர் உயிரைக் கொடுத்து வாதாடினார்கள். அது சென்று சேரும் மார்பைப் பற்றிய கேள்வியை அந்த வருஷத்தில் எந்தச் சாஸ்திரியும் எந்த மௌல்வியும் அதே தீவிரத்தோடு எழுப்பவில்லை.

அதே டம்டம் ஆயுதச்சாலையில்தான் 1890-களின் இறுதியில், உடம்பில் பட்டவுடன் முனை விரிந்து சதையைப் பிய்க்கும் ரைஃபிள் குண்டு செய்யப்பட்டு, அந்த ஊரின் பெயர் உலகம் முழுவதும் அபகீர்த்தி அடைந்தது. வெப்ளித் தோட்டாவுக்கும் 1898-ல் அத்தகைய மூன்றாம் வகை ஒன்று வந்தது. உருளை வடிவான குண்டின் முகப்பில் கிண்ணம்போல் ஒரு குழி. தைத்த இடத்தில் அக்குழி மலர்ந்து அகலும். அதற்கு ‘ஆளை நிறுத்துவது’ என்று பெயர். மறு வருஷம் ஹேக் நகரில் கூடிய மகாநாட்டில் விரியும் குண்டுகளைத் தடுக்கவேண்டும் என்ற பிரேரணை வந்தபோது, பிரிட்டிஷ் பிரதிநிதி ஸர் ஜான் ஆர்டா அதை எதிர்த்துப் பேசினார். நாகரிகமுள்ள போர்வீரன் குண்டடி பட்டால் நின்றுவிடுவான், காட்டுமிராண்டியோ அடிபட்டும் பாய்ந்து வருவான் என்பது அவருடைய வாதத்தின் சாரம். பிரிட்டன் அந்தப் பிரகடனத்தில் சேர்ந்தது 1907-ல்தான். எனினும் மூன்றாம் வகைத் தோட்டாவை 1900-லேயே ராணுவத்திலிருந்து விலக்கிக்கொண்டது.

1904-ல் அமெரிக்காவில் நடந்ததையும் சொல்லியாகவேண்டும். கைத்துப்பாக்கிக் குண்டு எந்த அளவில் இருந்தால் ஆள் உடனே விழுவான் என்று கண்டறிய, தாம்ஸன் என்னும் ராணுவ அதிகாரியும் லாகார்ட் என்னும் ராணுவ வைத்தியரும் சிகாகோ நகரத்து இறைச்சித் தொழுவங்களில் உயிருள்ள மாடுகளைச் சுட்டு, அவை சாக எத்தனை நேரம் ஆகிறது, எத்தனை குண்டு தேவைப்படுகிறது என்று எழுதி வைத்தார்கள். வெப்ளியின் குழிவிழுந்த குண்டும் அந்தப் பரீட்சையில் இருந்தது. காங்கேயம் காளையின் திமிலைத் தடவி வளர்ந்த கை எனக்கு. அந்த அறிக்கையின் விவரங்களைப் படித்த இரவு நான் உறங்கவில்லை. மாடு செத்தது என்பதற்காக மாத்திரம் அன்று. மாடுகள் எங்கும் சாகின்றன. கோபமோ பசியோ பயமோ எதுவுமின்றி, கையில் குறிப்பேடு வைத்துக்கொண்டு, இரண்டு படித்த மனிதர்கள் ஓர் உயிரின் வீழ்ச்சியை நிமிஷக் கணக்கில் அளந்தார்களே, அதற்காக.

நம் தர்ம சாஸ்திரங்கள் ஹிம்சையைப் பெரும்பாலும் கோபத்தின் பிள்ளையாகவே கருதி வந்திருக்கின்றன. திருப்பூருக்கு வடகிழக்கே விஜயமங்கலத்தில் சந்திரப்பிரப தீர்த்தங்கரர் கோயில் நிற்கிறது. கொங்கு நாட்டில் சமணம் தழைத்திருந்த காலத்தின் சாட்சி அது. அந்தச் சமணர்கள் ஹிம்சையை இரண்டாகப் பிரித்தார்கள்: உயிருக்கு நேரும் ஊறு திரவிய ஹிம்சை, அதற்குமுன் உள்ளத்தில் எழும் கொடிய பாவனை பாவ ஹிம்சை. இது நுட்பமான பாகுபாடு. ஆனால் தோட்டா இந்தப் பாகுபாட்டுக்கு நடுவே ஓரிடத்தில் நிற்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. யாருடைய உள்ளத்திலும் இந்தக் கணத்தில் கொடிய பாவனை இல்லை. யாருடைய உடம்பிலும் ஊறு நேரவில்லை. ஆயினும் பெட்டிக்குள் பருத்தித் துணி சுற்றி வைத்திருக்கும் அந்த ஈயத்தின் முகப்பில் ஒரு குழி இருக்கிறது. அந்தக் குழி இயற்கையில் விளைந்ததன்று. முன்பின் தெரியாத ஒரு மனிதனின் சதையை மனத்தில் வைத்து, அது எப்படிக் கிழியும் என்று ஆலோசித்து, ஒருவர் வரைபடம் எழுதி, இன்னொருவர் ஒப்புதல் அளித்த சங்கற்பம் அது. சங்கற்பம் உறைந்து உலோகமாகிவிட்டது. சங்கற்பித்தவர் செத்துப்போனாலும் அது சாவதில்லை. ஆகவே பஞ்சு நிரபராதி என்பதை ஒப்புக்கொள்கிறேன். தோட்டா நிரபராதி என்பதை ஒப்புக்கொள்ள என்னால் முடியாது. கத்தரி துணியையும் வெட்டும், கழுத்தையும் வெட்டும். கிணற்றுத் தோட்டா பாறையையும் பிளக்கும், வீட்டையும் பிளக்கும். அவற்றுக்கு இரண்டு மனம் உண்டு. ஆளை நிறுத்தும் குண்டுக்கு உள்ளது ஒரே மனம்.

அந்த ஒரே மனத்தில் யார் யாருக்குப் பங்கு? வள்ளுவர் புலால் மறுத்தல் அதிகாரத்தில் இந்தக் கேள்வியைக் கசாப்புக் கத்தியிலிருந்து எடுத்துச் சந்தைக்குக் கொண்டுவந்தார். தின்பதற்காக வாங்குவார் இல்லையென்றால் விலைக்குத் தருவாரும் இல்லை என்பது அவர் கண்ட நியாயம். பௌத்தமும் இல்லறத்தானுக்கு விலக்கிய ஐந்து வியாபாரங்களுள் ஆயுத வியாபாரத்தை வைத்தது. வியாபார ஊரில் வாழும் எனக்கு இந்த இரண்டும் மற்ற உபதேசங்களைவிட உறைக்கின்றன. நூல் எங்கிருந்து வந்தது என்று கேட்கிறோம், சாயம் எந்த நாட்டு நியதிக்கு உட்பட்டது என்று கேட்கிறோம். நொய்யலில் சாயக்கழிவு ஓடியபோது கேட்காமலிருந்ததன் பலனை, 2011-ல் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகுதான் ஊர் முழுவதும் உணர்ந்தோம். யாருக்கும் ஆற்றின்மேல் கோபமில்லை. கோபமில்லாமலே ஆறு செத்தது.

பலவீனர்களுக்கு ஆயுதம் வேண்டாமா என்ற ஆட்சேபம் பொருட்படுத்தத் தக்கது. 1878-ன் ஆயுதச் சட்டம் இந்தியர்களை நிராயுதபாணிகளாக்கி வெள்ளையர்களுக்கு விலக்களித்தபோது, அதைப் பிரிட்டிஷ் ஆட்சியின் மிகக் கரிய செயல் என்று எழுதியவர் காந்தியடிகளே. கோழைத்தனமா, பலாத்காரமா என்று இரண்டில் ஒன்றைத்தான் தேரவேண்டுமானால் பலாத்காரத்தைத் தேரச் சொன்னவரும் அவரே. 1911 ஜூன் 17-ல் மணியாச்சி ஸ்டேஷனில் கலெக்டர் ஆஷ் துரையைச் சுட்டுவிட்டுத் தன்னையும் சுட்டுக்கொண்ட வாஞ்சிநாதனைக் கோழை என்று எவரும் சொல்லார். 2014-ல் கான்பூர்த் தொழிற்சாலை பெண்களுக்கென்று அரைக் கிலோ எடையில் ஒரு .32 ரிவால்வர் செய்து, ‘நிர்பீக்’, அதாவது அச்சமற்றவர், என்று பெயரிட்டது. அப்போது அதன் விலை ஒரு லட்சத்து இருபதாயிரம் ரூபாய்க்கு மேல். நைட் ஷிப்ட் முடிந்து செக்கிங் பெண்கள் மூவர் நால்வராகக் கைகோத்து நடந்து போவதைப் பார்க்கும்போதெல்லாம் அந்தப் பெயர் நினைவுக்கு வருகிறது. கீதையின் பதினாறாம் அத்தியாயம் தெய்வீக குணங்களை வரிசைப்படுத்துகையில் முதலில் வைப்பது அபயத்தை. அந்த அபயத்தை இடுப்பில் கட்டிக்கொள்ள முடியும் என்பதில் எனக்கு நம்பிக்கையில்லை. ஆயினும் பயந்து வாழும் ஒருத்தியிடம் போய் இதை உபதேசிக்கும் அதிகாரமும் எனக்கில்லை.

ஆயுதம் மறைந்து வருவதைப் பற்றிய கதை நம் பெரிய புராணத்திலேயே உண்டு. திருக்கோவலூர் மெய்ப்பொருள் நாயனாரிடம் முத்தநாதன் திருநீறு பூசி, ஆகமச் சுவடி என்று சொல்லிக் கட்டைப் பிரித்து, உள்ளிருந்த கத்தியை எடுத்துக் குத்தினான். மெய்க்காவலன் தத்தன் வாளோடு பாய்ந்தபோது, அவன் நம்மவன் என்று தடுத்து, ஊர் எல்லைவரை அவனைப் பத்திரமாகக் கொண்டுபோய் விடச் சொன்னார் நாயனார். விட்டுவந்த செய்தியைக் கேட்ட பிறகே உயிர் விட்டார். சுவடிக் கட்டுக்குள் கத்தி மறைந்ததுபோல் பஞ்சுக்குள் வெடி மறைந்தது என்று உவமை சொல்ல வந்தேன். சொல்ல வந்த இடத்தில் நாயனார் என்னை வேறு பக்கம் திருப்பிவிடுகிறார்: கத்தியை மறைத்த வேடத்தையும் அவர் வேடமாகவே வணங்கினார். கொலைக்குப் பயன்பட்டதனால் திருநீறு கெட்டுவிடவில்லை அவருக்கு.

கொலையை ஆயுதமின்றி எதிர்கொண்ட ஒருவர் கதை எங்கள் ஊருக்கும் உண்டு. சென்னிமலையில் 1904 அக்டோபர் 4-ல் நெசவாளர் குடும்பத்தில் பிறந்த குமாரசாமி, பின்னாளில் திருப்பூர் குமரன் என்று அறியப்பட்டவர், தறியில் பிழைக்க முடியாமல் திருப்பூர் வந்து பஞ்சாலையில் எடை போடும் வேலையில் சேர்ந்தார். பஞ்சின் கனம் அறிந்த கை அவருடையது. 1932 ஜனவரி 4-ல் காந்தியடிகள் கைதானதைக் கண்டித்து, 10-ந் தேதி பி. எஸ். சுந்தரம் தலைமையில் எங்கள் ஊர் வீதியில் சென்ற சிறு ஊர்வலத்தில் அவர் கொடி பிடித்துப் போனார். அன்று தோட்டா தேவைப்படவில்லை. மூங்கில் தடியே போதுமானதாக இருந்தது. மண்டை பிளந்து விழுந்தபோதும் கொடி அவர் கையை விட்டு அகலவில்லை; மறுநாள் உயிர் பிரிந்தது. அதே 1932-ல்தான் பிரிட்டிஷ் ராணுவம் .455-ஐ விடுத்து இலகுவான .38 ரிவால்வரை ஏற்றுக்கொண்டது. அதற்கும் இழை வடிவில் பஞ்சு வேண்டியிருந்தது. கதர் இயக்கத்துக்குத் தமிழ்நாட்டில் தலைமையிடமாக இருந்த இந்த ஊரில், யாரோ ஒரு பாட்டி ராட்டையில் நூற்ற நூல் நெசவாகிக் கொடியானது. அதுவும் உறைந்த சங்கற்பம்தான். முன்பின் தெரியாத ஒருவர் தோளில் கிடக்கவோ கையில் பறக்கவோ வேண்டும் என்று நினைத்து இழுத்த நூல்.

ஒவ்வொரு ஜனவரி 11-ந் தேதியும் ஸ்டேஷன் அருகே குமரன் நினைவகத்துக்குப் போய்ச் சற்று நின்றுவிட்டு வருகிறேன். மாலை போட வந்தவர்கள் கலைந்தபின், ஷிப்ட் விட்டு வரும் கூட்டம் குமரன் ரோட்டில் இறங்கும். தலைமுடியிலும் புருவத்திலும் வெள்ளையாகப் பஞ்சுத் தூசி ஒட்டியிருக்க, டீக்கடை வாசலில் நின்று ஒருவருக்கொருவர் அதைத் தட்டிவிட்டுக்கொண்டு அவர்கள் போகிறார்கள்.